சாமியாருக்குக் கொடுத்த நேரம்

கஞ்சி ஊட்டி முடித்து, வாயைத் துடைக்கத் துணியைக் கொண்டுபோனாள் எலிசா. சவுரிராயன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “இன்னா எலிசா, கஞ்சியில உப்பே இல்ல” என்றார்.

துணி பாதி வழியில் நின்றுவிட்டது. புருஷன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ மாதமாகிவிட்டது. கூப்பிட்டதெல்லாம் வேறு பெயர்கள். சந்தையில் மாட்டுத் தரகன்கூட வாயில் வைக்கக் கூசுகிற பெயர்கள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாதென்று அவள் டிவியைச் சத்தமாக வைத்த நாட்கள் உண்டு. இப்போது உப்பு இல்லை என்கிறார். அதுவும் எப்படி, கடையைப் பூட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்த மனுஷன் மாதிரி.

ஒரு கரண்டி எடுத்துத் தன் வாயில் விட்டுப் பார்த்தாள். நிஜமாகவே உப்பு இல்லை.

“மறந்துட்டேங்க. போட்டு எடுத்தாரட்டா?” என்றாள்.

“வேணாம், போதும்.” அவர் கையைத் தூக்கி நெற்றியைத் தடவினார். முடி தொடங்குகிற இடத்தில் காதுக்குக் காது ஓடுகிற தழும்பின் மேல் விரல் மெதுவாகப் போயிற்று. “இன்னும் எத்தினி தபாதான் தொறப்பாங்களாம்?”

“இனிமே தொறக்க மாட்டாங்களாம்.”

“ம்” என்றார். புரிந்துகொண்ட ‘ம்’ அது.

நேற்றுச் சாயங்காலம் நர்ஸம்மா வந்து, வீக்கம் வடிகிற ஊசியைக் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். பாண்டிச்சேரி டாக்டர் போனில் சொல்லித்தான் போட்டது. “கொஞ்ச நேரம் தெளியலாம்மா, தெளியாமயும் போவலாம். அதையே நம்பி உக்காந்துராதீங்க” என்று அவர் அப்போதே சொல்லிவிட்டார். எலிசா நம்பித்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இவரிடம் கேட்பதற்கு ஒன்று இருந்தது. கேட்காமல் இவரை அனுப்பிவிட்டால் மீதிக் காலத்தை எப்படித் தள்ளுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தொண்ணூற்று மூன்றில் கல்யாணம். திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் சவுரிராயனுக்கு மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற கடை. பிரம்மதேசம் பக்கத்து விவசாயிகள் புகைந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்குவார்கள். அதிர்ந்து பேசாத ஆள். எந்த மோட்டாரானாலும் மூடியைக் கழற்றி மோந்து பார்த்து, “இதுக்கு ஆயுசு இருக்குதுபா, வெச்சிட்டுப் போ” என்று மெல்லச் சொல்வார். ஒன்பது வருஷம் போல நன்றாக ஓடியது. அப்புறம் தலைவலி, வாந்தி, பாண்டிச்சேரி, ஸ்கேன்.

டாக்டர் அவளை உட்கார வைத்து விளக்கினார். “மல்லாட்டைய ஒடைச்சா உள்ள பருப்பு மேல செவப்பா ஒரு தோலு இருக்குதில்ல, அது மாதிரி மூளைக்கு மேலயும் ஒரு உறை இருக்குது. கட்டி அதுலதான். பெரும்பாலும் இந்த எடத்துல வர்றது சாதுவான கட்டிம்மா, எடுத்தா முடிஞ்சிது. ஆனா இவருக்கு வந்திருக்கிறது ரொம்ப அபூர்வமான ரகம். சுத்தமா எடுத்துட்டேன்னு நானே சொன்னாலும் திரும்பி வரும். பல வருஷம் கழிச்சிக்கூட வரும்.”

கட்டிலில் தலையில் கட்டோடு கிடந்த சவுரிராயன், “அப்ப வாரண்டி கெடையாதுன்றீங்க” என்றார். டாக்டரே சிரித்துவிட்டார்.

சிரித்துவிட்டு வந்தாயிற்று. பிறகு வீட்டில் யார் சிரித்தார்கள்? அவர் காலையில் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினால் எலிசா கதவோரம் நின்று நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள். கடைச் சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடினால், மறதி அதனாலா என்று பின்னாலேயே போவாள். ஸ்கேனுக்குப் போகிற மாதம் வந்தால் சோறு இறங்காது. அது உள்ளே இருக்கிறதா, இல்லையா, எங்கே ஒளிந்துகொண்டிருக்கிறது என்று அவர் தலையையே பார்த்துக்கொண்டிருப்பாள். “இன்னாடி, பேன் பாக்கிறியா?” என்பார் அவர். இரண்டாயிரத்து எட்டில் அது திரும்பி வந்தது. மறுபடி அறுத்து, கதிர் பாய்ச்சிக் கரண்டு வைத்தார்கள். பன்னிரண்டில் மூன்றாம் முறை வந்தபோது நெற்றிக்குப் பின்னால் இரண்டு பக்கமும் பரவியிருந்தது. இனி கத்தி வைக்க முடியாது, மாசக்கணக்குத்தான் என்றுவிட்டார் டாக்டர்.

வசவு தொடங்கியது அதற்குப் பிறகுதான். அதை எலிசா தாங்கிக்கொண்டாள். ‘அது பேசுது, அவரு பேசல’ என்று மகன் மரிய அருணுக்கும் சொல்லி வைத்திருந்தாள். மாதா படத்தைப் பார்த்து அவர் சொன்னதைக்கூட அதன் கணக்கில்தான் சேர்த்தாள். ஆனால் ஒரு நாள், சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, கத்தாமல், கண்ணை உருட்டாமல், மோட்டார்க்காரனிடம் பேசுகிற அதே மெல்லிய குரலில் ஒன்று சொன்னார்.

“பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நான் கேட்டது ரோசுவத்தான். பெரியவ இருக்கசொல்ல சின்னவள எப்பிடிக் குடுக்கிறதுன்னு ஒங்கப்பன் ஒன்னத் தள்ளி வுட்டுட்டான்.”

சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

ரோசு என்றால் ரோஸ்லின், எலிசாவின் கூடப்பிறந்த தங்கை. விழுப்புரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். எலிசாவின் அப்பாவும் போய்ச் சேர்ந்தாயிற்று, அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. அந்த நாளில் பெரியவர்கள் உள்ளே என்ன பேசினார்கள் என்று சொல்ல ஆளில்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை எலிசா தொடவில்லை. மறுவாரமே டாக்டரிடம் கேட்டாள்.

“அவரு சொல்றதெல்லாம் நெசங்களா டாக்டர்?”

“மறைச்சுப் பேசுறதுக்குன்னு மூளையில ஒரு எடம் இருக்குதும்மா. கட்டி அதப் போட்டு அமுக்குது. இல்லாததையும் சொல்லுவாரு, இருக்கிறதையும் சொல்லுவாரு.”

“எது எதுன்னு ஸ்கேன்ல தெரியாதுங்களா?”

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “தெரியாதும்மா” என்றார். பிறகு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, இது மெதுவாக வளர்கிற ரகம், கண்டுபிடிப்பதற்குப் பல வருஷம் முன்பிருந்தே உள்ளே இருந்திருக்கலாம், அவர் மேல் வருத்தப்படாதீர்கள் என்றார். பாவம், நல்ல மனுஷன். ஆனால் அந்தப் பேச்சு எலிசாவைப் பிடித்து ஆட்டிவிட்டது. எத்தனை வருஷம் முன்பு? பீடத்துக்கு முன்னால் நின்று ‘சம்மதம்’ என்று சொன்னபோதும் இருந்ததா? தான் காய்ச்சலில் கிடந்தபோது முதுகை நீவிவிட்டாரே, அந்த மனுஷன் யார்? பாத்திரம் கழுவும்போது, துணி பிழியும்போது, ஜெபமாலை உருட்டும்போது இதே நினைப்பு. தங்கை போன் செய்தால், “நீ வராத. கண்டபடி பேசுறாரு, ஒரே பேஜாரு” என்று வைத்துவிடுவாள்.

வராதே என்று சொல்லியும் ரோஸ்லின் இன்று காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். சமையற்கட்டில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தாள்.

கட்டிலில் சவுரிராயன் கண்ணைத் திறந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெளிந்த கண். கேட்டுவிடலாம். ஒரே ஒரு கேள்வி. ‘ஏங்க, அன்னிக்கு ரோசுவப் பத்தி சொன்னீங்களே’ என்று ஆரம்பித்தால் போதும். எலிசா வாயைத் திறந்தாள்.

அப்போது பார்த்தா பங்குச் சாமியார் ஞாபகம் வரவேண்டும்? ஃபாதர் ஜெனித் போன மாதம் வந்து பார்த்தபோது சவுரிராயன் அவர்மேல் டம்ளரை விட்டெறிந்திருந்தார். சாமியார் சட்டையைத் துடைத்துக்கொண்டே, “தெளிவா இருக்கிற நேரமாப் பாத்து உடனே ஆள் அனுப்புங்கம்மா. செஞ்ச பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிடட்டும்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாதாவை அப்படிப் பேசின வாய். அந்த வாயோடு ஒரு ஆத்துமம் போய்ச் சேரலாமா? சாமியார் வந்தால் என்ன, கால் மணி நேரம். அப்புறம் நாள் பூரா எனக்குத்தானே என்று நினைத்தாள்.

“அருணு! வண்டிய எட்றா. சாமியாரக் கூட்டிக்கினு வா. அப்பா நல்லாப் பேசுறாருன்னு சொல்லு. ஜல்தி!”

வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டியது. சவுரிராயன் தலையை லேசாகத் திருப்பினார்.

“உள்ள யாரு? ரோசு வந்துக்கிதா?”

எலிசா சமையற்கட்டுப் பக்கம் பார்த்தாள். “ஆமா. கூப்டட்டா?”

“வேணாம்” என்றார். பிறகு, “சாமியார் வர்றாருன்ன. மனஸ்தாப மந்திரம் மறந்துபோச்சு எலிசா. சொல்லிக் குடேன்” என்றார்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிற ஆளைக் கலங்க அடிக்கக்கூடாது. மனதை ஒரு நிலையில் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். எலிசா கட்டிலோரம் உட்கார்ந்தாள். பாவத்துக்கு வருந்திச் சொல்கிற அந்த மந்திரத்தை ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். அவர் பிள்ளை மாதிரித் திருப்பிச் சொன்னார். தப்பு விட்ட இடத்தில் அவளே மறுபடி எடுத்துக்கொடுத்தாள். அவளுக்கென்று கிடைத்த நேரம் இப்படித்தான் தீர்ந்தது. மந்திரம் முடிவதற்கும் வாசலில் வண்டி நிற்பதற்கும் சரியாக இருந்தது.

ஃபாதர் ஜெனித் இளம் வயதுக்காரர். கழுத்துப்பட்டையை முத்தமிட்டுப் போட்டுக்கொண்டு, “எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க” என்றார். கதவு சாத்தப்பட்டது.

பின்பக்கம் துணி துவைக்கிற கல்லருகே அக்காளும் தங்கையும் நின்றார்கள். உள்ளேயிருந்து முணுமுணுப்பு மட்டும் வந்தது. வார்த்தை பிடிபடவில்லை.

“மாமா தெளிவாப் பேசுறாராக்கா?”

“பேசுறாரு.”

“இன்னா சொன்னாரு?”

“கஞ்சியில உப்பு இல்லன்னாரு.”

ரோஸ்லின் சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். எலிசா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா புருஷனுக்காக அழுகிற அழுகை இவ்வளவுதான் இருக்குமா, இதைவிடக் குறைவாக இருக்குமா? சீ, என்ன புத்தி இது என்று தன்னையே வைதுகொண்டாள். ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

“என்ன ஏன்க்கா வரவேணாம்னுட்ட?”

“வாயில வந்ததெல்லாம் பேசுவாரு.”

“பேசிட்டுப் போறாரு. எனக்கு இன்னா.” ரோஸ்லின் மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள். “என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?”

“ஒன்னப் பத்திச் சொல்ல இன்னா இருக்குது?”

ரோஸ்லின் கொடியில் காய்ந்த போர்வையை இழுத்து மடிக்க ஆரம்பித்தாள். உள்ளே முணுமுணுப்பு நீண்டுகொண்டே போயிற்று. கடையுண்டு வீடுண்டு என்று கிடந்த ஆளுக்கு இவ்வளவு நேரம் சொல்வதற்கு என்ன இருக்கிறது? நடுவில் ஒருமுறை அவர் விசும்புவது கேட்டது. எலிசாவின் கால் தானாக ஓரடி எடுத்து வைத்தது. அப்படிக் கேட்பதே பாவம் என்று நினைவு வந்து, கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தபோது சாமியாரின் முகம் வாடியிருந்தது. எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார். நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி, சாகக் கிடப்பவர்களுக்கான அவஸ்தைப்பூசுதலைக் கொடுத்தார். நற்கருணை அப்பத்தை எடுத்து நன்மை கொடுத்தார். சவுரிராயன் ஒழுங்காக நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டார். சாமியார் போனதும் எலிசா ஓடிவந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தாள்.

“சன்னல மூடு. கண்ணு கூசுது” என்றார்.

அவள் எழுந்து மூடிவிட்டு வந்தாள். அதற்குள் தூங்கியிருந்தார். “ஏங்க” என்றாள். தோளைத் தொட்டாள். “ஏங்க, ஒரு நிமிஷம் இங்க பாருங்களேன்.” குறட்டைதான் வந்தது. மத்தியானம் கரண்டு போய் ஃபேன் நின்றபோது அந்தக் குறட்டை வீடு முழுக்கக் கேட்டது. அருண் பனை விசிறியால் வீசினான். ரோஸ்லின் சுவரோரம் நின்று ஜெபமாலை சொன்னாள். எலிசா மட்டும் ஜெபத்தில் சேராமல் அவர் இமைகளையே பார்த்திருந்தாள். இன்னொரு தடவை திறந்தால் போதும், இன்னும் ஒரே ஒரு தடவை. கரண்டு வந்து ஃபேன் கரகரவென்று சுற்ற ஆரம்பித்ததில் மூச்சு நின்றது யாருக்கும் கேட்கவில்லை. அருண்தான் விசிறியைக் கீழே போட்டுவிட்டு, “ம்மா” என்றான்.

மறுநாள் அடக்கம். வாசலில் பந்தல் போட்டார்கள். கடைத்தெருக்காரர்கள், பிரம்மதேசத்து விவசாயிகள், விக்கிரவாண்டியிலிருந்து அவரிடம் தொழில் பழகிய ஆட்கள் என்று கூட்டம். “தங்கமான மனுஷன்மா, ஒரு வார்த்த கடுசா பேசினது கெடையாது” என்று ஆளுக்கு ஆள் எலிசாவிடம் சொன்னார்கள். அவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஃபாதர் ஜெனித் உடலுக்கு ஜெபம் சொல்லி மந்திரிக்க வந்தார். கைகழுவப் பின்பக்கம் போனவரை எலிசா குழாயடியில் மறித்தாள்.

“சாமி, ஒண்ணே ஒண்ணு...”

“கேக்காதீங்கம்மா” என்றார் அவர்.

எலிசா திடுக்கிட்டாள். “நான் இன்னா கேக்கப் போறேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

சாமியார் தடுமாறினார். குழாயைத் திறந்தார், மூடினார். “எதுவா இருந்தாலும்மா. பாவசங்கீர்த்தனம் கேட்ட வீட்ல எல்லாரும் ஏதாச்சும் கேப்பாங்க. அதுக்குத்தான் சொன்னேன்.”

“அவரு தெளிஞ்சிருந்தது கொஞ்ச நேரந்தான் சாமி. அது எனக்கு வந்த நேரம். அதத்தான் தூக்கி ஒங்களுக்குக் குடுத்தேன்.” அவள் குரல் உயர்ந்துவிட்டது. “தப்புப் பண்ணிட்டேன். பெரிய தப்பு. நான் கேட்டிருக்கணும். ஆத்துமமாவது ஒண்ணாவதுன்னு நான் கேட்டிருக்கணும்!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். சாமியார் கோபப்படவில்லை. ஈரக் கையோடு அப்படியே நின்றார். பதில் இவர் வயிற்றுக்குள் இருக்கிறது. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாகிறவரைக்கும் சொல்ல மாட்டார். எலிசாவுக்கு அவர்மேல் ஆத்திரமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது. “போங்க சாமி. நேரமாவுது” என்றாள்.

மந்திரிப்பு முடிந்தது. “உரிமைப்பட்டவங்க வந்து சிலுவ போடுங்க. பெட்டிய மூடணும்” என்று சாமியாரோடு வந்த கோயில் உபதேசியார் குரல் கொடுத்தார். அருண் பெருவிரலால் அப்பாவின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுத் தேம்பினான். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் போட்டார்கள். எலிசா குனிந்து போட்டாள். நெற்றி சில்லென்றிருந்தது. தழும்புக்குக் கீழே, எலும்பை எடுத்து வைத்த இடத்தில் லேசாகக் குழிந்திருந்தது.

“அவ்ளோதானே? மூடிடலாமா?” என்றார் உபதேசியார்.

ரோஸ்லின் கதவுக்குப் பின்னால், பெண்கள் கூட்டத்துக்கும் பின்னால் நின்றிருந்தாள். முன்னால் வரவில்லை. வருவதற்கு உரிமை இருந்தும் வரவில்லை. சிவந்த கண்ணால் அக்காவை மட்டும் பார்த்தாள்.

“இருங்க” என்றாள் எலிசா. “ரோசு, இங்க வா. நீயும் போடு.”

ரோஸ்லின் அசையவில்லை.

“வாடின்றேன்ல.”

கூட்டம் வழி விட்டது. ரோஸ்லின் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். பெட்டியருகே வந்ததும் முந்தானை தலையிலிருந்து நழுவியது. அவள் அதைச் சரிசெய்யவில்லை. கையை நீட்டிக்கொண்டு அவர் முகத்தின்மேல் குனிந்தாள். எலிசா நின்ற இடத்திலிருந்து தங்கையின் முகம் முழுதாகத் தெரியும். இத்தனை மாதமாக ஸ்கேனிலும் டாக்டரிடமும் சாமியாரிடமும் தேடியதை இனி யாரும் சொல்லித் தெரிய வேண்டாம், நிமிர்ந்து பார்த்தால் போதும்.

எலிசா பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். வாசற்படிக்கு வந்து உட்கார்ந்தாள். வந்தவர்களின் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறைந்து கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து ஜோடி சேர்த்து ஓரமாக வைக்க ஆரம்பித்தாள்.

“அது எதுக்கும்மா இப்ப? எந்திரிங்க” என்றார் யாரோ.

அவள் நிமிரவில்லை. உள்ளே பெட்டி மூடுகிற சத்தம் கேட்கும்வரை செருப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.